அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், கல்வி அதிகாரிகளுக்கும், நூலகம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், பூங்கா என்று பொதுக் கழிவறை உள்ள எந்த இடத்தையும் நிர்வகிக்கிற அனைவருக்கும்,

வணக்கம்.

நான் 22 வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த மடலை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே ஒரு மாணவிதான் கண்முன் வந்து நிற்கிறாள். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு. கடைசி மணி அடித்து ஐந்து நிமிடத்தில் வகுப்பு காலியாகிவிட்டது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "என்னம்மா, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன். "நீங்க முன்னாடி போங்க மிஸ், நான் அப்புறம் போறேன்" என்றாள். குரல் சரியில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. பிறகு மெல்ல எழுந்து திரும்பிக் காட்டினாள். சீருடையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பெஞ்சிலும் இருந்தது. எல்லோரும் போனபிறகு அதைத் துடைப்பதற்காக நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கையில் கசக்கி வைத்திருந்தாள்.

காலையில் இரண்டாவது பாடவேளையிலேயே மாதவிடாய் வந்துவிட்டதாம். எங்கள் பள்ளியில் நாப்கின் இல்லாமல் இல்லை. அலுவலக அறையில் ஓர் இரும்பு அலமாரியில் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கி வைத்திருந்தோம். சாவி அலுவலகப் பணியாளரிடம் இருக்கும். அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார். அதில் பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஒன்று எடுத்துத் தருவார். அவர் நல்ல மனிதர், யாரையும் ஒரு வார்த்தை தவறாகப் பேசியவர் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை அலுவலக வாசல்வரை போயிருக்கிறாள். உள்ளே யாரோ இரண்டு பெற்றோர் நின்றிருக்கிறார்கள், கூடவே மேல்வகுப்புப் பையன் ஒருவன். அப்படியே திரும்பிவிட்டாள். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு மாலைவரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மதிய இடைவேளைக்கும் எழுந்து போகவில்லை. என் வகுப்பில் ஒரு கணக்குப் போட அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று தலையாட்டினாள். தெரியவில்லைபோல என்று நினைத்து வேறு ஒருத்தியைக் கூப்பிட்டேன். அந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் அந்தக் கையெழுத்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வருடத்தில் 11 கையெழுத்து. பள்ளியில் அப்போது 400 பெண் பிள்ளைகளுக்கு மேல் படித்தார்கள். இந்த 11 என்ற எண்ணை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு கூட்டத்தில், "பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள், வாங்கி வைத்ததே தீரவில்லை" என்று சொல்லி, அடுத்த வருடத்துக்கான தொகையைக் குறைத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. எண்களோடே வாழ்ந்தவள் நான். அந்த எண் எதை அளக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். அது தேவையை அளக்கவில்லை, கேட்கும் துணிச்சலை அளந்தது. 400 பேரில் 11 தடவைதான் யாரோ அந்த வாசலைத் தாண்டியிருக்கிறார்கள்.

உங்களில் பலர் "எங்கள் பள்ளியில் கொடுக்கிறோமே", "எங்கள் கட்டடத்தில் இருக்கிறதே" என்று சொல்வீர்கள், அது உண்மையாகவும் இருக்கும். எங்கே இருக்கிறது, யாரைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நான் இந்த மடலில் வேண்டுவது ஒன்றுதான்: நாப்கின் கழிவறைக்குள் இருக்கட்டும். கேட்காமல், பெயர் எழுதாமல், காசு போடாமல், கதவைத் தாழிட்ட பிறகு கைநீட்டி எடுக்கிற இடத்தில் இருக்கட்டும்.

அந்த நாளுக்குப் பிறகு நான் என் மேசை இழுப்பறையில் இரண்டு பாக்கெட் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒரு டீச்சராவது இருப்பார். ஊருக்கு ஒருவர் இப்படிச் செய்தால் போதும் என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை என்று ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிட்டது. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று காலையில் நான் கடிந்துகொண்ட பிள்ளை, மதியம் என்னிடம் வந்து கேட்பாளா? வரவே மாட்டாள். நான் விடுப்பில் இருந்த நாட்களில் இழுப்பறை பூட்டிக்கிடக்கும். என் மேசை மூன்றாவது மாடியில். கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இழுப்பறை இருப்பதே தெரியாது. ஒரு நல்ல டீச்சர் இருப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பள்ளியை நடத்த முடியாது.

"நாள் தெரியும்தானே, கொண்டுவர வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நாள் தெரியாது. வளர்ந்த பெண்களுக்கே சுழற்சி 21 நாளிலிருந்து 35 நாள்வரை எப்படி இருந்தாலும் இயல்புதான். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் அது 45 நாள்வரை தள்ளிப்போகலாம், ஒரு மாதம் இருபத்தைந்தாம் நாளே வந்து நிற்கலாம். உடம்பு அந்த ஒழுங்கைப் பிடிக்கவே சில வருடங்கள் ஆகும். அதாவது எந்த வயதில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்களோ, அந்த வயதில்தான் நாள் மிகவும் தப்பும். முதல் தடவை வருவதற்கோ முன்னறிவிப்பே கிடையாது. பலருக்கு 12, 13 வயதில் வரும். சிலருக்கு 8, 9 வயதிலேயே வந்துவிடும். எனவே தொடக்கப்பள்ளி நடத்துகிறவர்கள் "இது எங்களுக்கு இல்லை" என்று இந்த மடலை மடித்து வைத்துவிடாதீர்கள். என்ன நடக்கிறதென்றே தெரியாமல் அடிபட்டுவிட்டது என்று பயந்து அழுகிற பிள்ளை உங்கள் பள்ளியில்தான் இருப்பாள்.

வயதின் இன்னொரு முனையிலும் இதே கதைதான். நாற்பதுகளைத் தாண்டி மாதவிடாய் நிற்கப்போகிற சில வருடங்களில் நாள் கணக்கு மறுபடி கலைந்துவிடும். இரண்டு மாதம் வராமல் இருந்து மூன்றாவது மாதம் கொட்டித் தீர்க்கும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது, வெளியூர்ப் பயணத்தின் நடுவில். பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் காசு போட்டால் நாப்கின் தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. பார்த்ததும் உயிர் வந்தது. அதற்குத் தேவையான சில்லறை என்னிடம் இல்லை. வெளியே வந்து, ஒருவரிடம் கெஞ்சிச் சில்லறை மாற்றி, மறுபடி உள்ளே போய்ப் போட்டேன். காசு விழுந்த சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் விழவில்லை. குனிந்து பார்த்தால், பொருள் வந்து விழுகிற வாயில் தூசி படிந்திருந்தது. அந்த இயந்திரம் எத்தனை மாதமாகக் காலியாக இருந்ததோ. ஆனால் அந்த நிலையத்தின் வசதிகள் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக இருந்திருக்கும்.

அதனால்தான் பொது இடங்களை நிர்வகிக்கிறவர்களிடம் இயந்திரம் வாங்குவதற்கு முன் யோசியுங்கள் என்று கேட்கிறேன். ஒரு மூடி போட்ட சாதாரணப் பெட்டி பழுதாகாது. அதற்கு மின்சாரம் வேண்டாம், சில்லறை வேண்டாம். திறந்து பார்த்தால் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துவிடும். இயந்திரம்தான் வேண்டும் என்றால் காசு கேட்காத இயந்திரமாக, கைப்பிடியைத் திருகினால் தருகிறதாக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அவர்களுக்கான தனிக் கழிவறையிலும் வையுங்கள். அந்தக் கழிவறையை யாரும் நினைப்பதே இல்லை.

இதெல்லாம் ஏதோ கனவு என்று தோன்றலாம். உலகத்தில் பல இடங்களில் சட்டமாகவே இருக்கிறது. கென்யா 2017-ல் தன் அடிப்படைக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பள்ளியில் படிக்கிற, பருவமடைந்த ஒவ்வொரு மாணவிக்கும் நாப்கின் தருவதை அரசின் கடமையாக்கியது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் சொற்கள்தான். இலவசமாக என்பதோடு நிற்கவில்லை; போதுமான அளவில், தரமானதாக என்றும் எழுதினார்கள். பயன்படுத்தியதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்த வழிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வருகிறது. இலவசம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2017-ல் அபர்தீன் நகரத்தில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2018-ல் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இலவசமாக வைத்தார்கள். மோனிகா லெனன் என்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2020 நவம்பரில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறி, 2022 ஆகஸ்ட் 15 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேவைப்படுகிற யாராக இருந்தாலும் அவருக்குப் பொருள் கிடைக்கும்படி செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. சுலபமாகக் கிடைக்க வேண்டும், கண்ணியம் குறையாமல் கிடைக்க வேண்டும், ஒரே வகையாக இல்லாமல் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கே, எப்படி வைப்பது என்று பயன்படுத்துகிறவர்களைக் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று காட்ட ஒரு கைபேசிச் செயலிகூட வந்தது. எங்கள் பள்ளி அலமாரியை அந்தச் சட்டத்தின் முன் வைத்துப் பார்த்தால், "கண்ணியம்" என்ற சொல்லிலேயே தோற்றுப்போகும்.

நியூசிலாந்தில் 2020-ல் வைகாட்டோ பகுதியில் 15 பள்ளிகளில் ஆரம்பித்து, 2021 ஜூனிலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். அந்த முதல் 15 பள்ளிகளின் பிள்ளைகளிடம் கேட்டபோது, எங்களுக்கு வேண்டிய வகையைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும், மாதவிடாய் பற்றிச் சரியான தகவல் வேண்டும், பொருள் தேவைப்பட்டால் யாரை அணுகுவது என்று தெரிய வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் எவ்வளவு நியாயமாகக் கேட்கிறார்கள் பாருங்கள். நியூயார்க் நகரம் 2016-லேயே பள்ளிகளோடு வீடற்றோர் காப்பகங்களையும் சிறைகளையும் சேர்த்துச் சட்டம் போட்டது. கேட்பதற்குக்கூட வாய்ப்பில்லாதவர்களை அவர்கள் நினைத்தது பெரிய விஷயம். கனடாவில் மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ் வருகிற பணியிடங்களில் 2023 டிசம்பர் 15 முதல் நாப்கினும் டாம்பனும் (உடலுக்குள் வைத்துக்கொள்ளும் உறிஞ்சு பஞ்சு) இலவசமாக வைக்க வேண்டும். கலிபோர்னியா 3 முதல் 12 வரை வகுப்புள்ள அரசுப் பள்ளிகளில், ஆண்கள் கழிவறை ஒன்றிலாவது வைக்கச் சொல்கிறது. மாதவிடாய் வருகிற, ஆணாக வாழ்கிற திருநம்பிப் பிள்ளைகளும் படிக்கத்தானே வருகிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரத்தின் விதி எனக்கு மிகவும் நெருக்கமானது. 2022 தொடக்கத்திலிருந்து அங்கே பொதுமக்கள் பயன்படுத்துகிற கழிவறைகளில் சோப்பு, கழிவறைத் தாள், நாப்கின், டாம்பன் எல்லாம் இருக்க வேண்டும். சோப்பையும் இதையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். சோப்புக்கு யாரும் நோட்டில் கையெழுத்து வாங்குவதில்லை.

சில நாடுகள் நாப்கின் மீதான வரியை நீக்கின. கென்யா 2004-லும், கனடா 2015-லும், இந்தியா 2018-லும் செய்தன. அது நல்லது, வேண்டியது. ஆனால் கையில் காசே இல்லாத பிள்ளைக்கு வரியில்லாத விலையும் எட்டாத விலைதான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒருவழியாகப் பேசிப் பேசி, பெண்கள் கழிவறைகளில் பெட்டி வைத்தோம். முதல் நாள் மதியத்துக்குள் எல்லாப் பெட்டியும் காலி. இரண்டாம் நாளும் அப்படியே. "பார்த்தீர்களா, அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்று உடனே பேச்சு எழுந்தது. உண்மைதான், அள்ளிக்கொண்டுதான் போனார்கள். வீட்டில் அக்காவுக்கு, தங்கைக்கு, அம்மாவுக்கு எடுத்துப் போனார்கள். இதைத் திருட்டு என்று சொன்னவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: வேடிக்கைக்காக யாராவது நாப்கின் எடுத்துப் போவார்களா? கூடுதலாகப் போனது, அந்த வீடுகளில் எத்தனை பேர் இல்லாமல் இருந்தார்கள் என்பதன் கணக்கு. தலைமையாசிரியர் பொறுமையாக இருந்தார், அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். சில வாரங்களில் பிள்ளைகளுக்கு நாளைக்கும் பெட்டியில் இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்தபிறகு பதுக்கல் நின்றது. அப்புறம் வாரத்துக்கு வாரம் எடுக்கிற அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதல் வாரத்து அளவைப் பார்த்துப் பயந்து யாரும் திட்டத்தை மூடிவிடாதீர்கள்.

எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன். மாதவிடாய் 2 முதல் 7 நாள்வரை இருக்கும். 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 5 நாள் பள்ளி என்றால், அந்த 5 நாளில் சராசரியாக மூன்றரை நாள் பள்ளியில் கழியும். 4 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதால் பள்ளி நேரத்தில் ஒரு நாளைக்கு 2 போதும். ஆக ஒரு சுழற்சிக்கு ஒரு மாணவிக்கு 7. மாதவிடாய் வருகிற 300 மாணவிகள் இருந்தால் 2100. எல்லோரும் வீட்டிலிருந்து ஒன்றுகூடக் கொண்டுவராமல் பள்ளியை மட்டுமே நம்பினால் ஆகிற அளவு இது. வீட்டுக்கும் கொடுத்தனுப்ப முடிந்தால் நல்லது, ஏனென்றால் இரவுக்கும் விடுமுறைக்கும் மாதவிடாய் நிற்பதில்லை. முதலில் பள்ளி நேரத்துக்காவது முழுதாகக் கொடுங்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் பள்ளியின் மற்றச் செலவுகளைப் பாருங்கள். நன்கொடையாளர் யாராவது வருவார் என்று காத்திருக்காமல், சோப்புக்கும் சுண்ணக்கட்டிக்கும் ஒதுக்குகிற அதே இடத்தில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நன்கொடை ஒரு வருடம் வரும், மறு வருடம் வராது.

வாங்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள். மிகக் குறைந்த விலைக்குத் தருகிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒட்டும் பசை பிடிக்காமல் நடக்கும்போதே நகர்ந்துவிடுகிற, ஒரு மணி நேரத்தில் ஓரத்தில் கசிகிற நாப்கினை எங்களுக்கும் ஒரு தடவை அனுப்பினார்கள். பிள்ளைகள் இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டார்கள், செலவும் இரண்டு மடங்கானது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரியைப் பயன்படுத்துகிறவர்களிடம் கொடுத்துக் கேளுங்கள். சாதாரண அளவும் நீளமானதும் இரண்டும் வேண்டும். கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் டாம்பனும் வைக்கலாம். அதை 8 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அரிதாக வந்தாலும் உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோய் வரலாம் என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்க வேண்டும். உடலுக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரிக்கிற மாதவிடாய்க் கோப்பையும் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினும் நல்லவை, குப்பையும் குறையும். ஆனால் கோப்பையைக் கொதிநீரில் போட்டெடுக்கவும் துணியை அலசி வெயிலில் காயவைக்கவும் எல்லார் வீட்டிலும் வசதியும் தனிமையும் இருக்காது. விரும்புகிறவர்களுக்குக் கொடுங்கள்; பெட்டியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

பெட்டியை யார் நிரப்புவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இதில்தான் நிறைய இடங்களில் கோட்டைவிடுகிறோம். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் துப்புரவுப் பணி செய்த அக்கா. எந்தக் கழிவறைக்குக் கூட்டம் அதிகம், எந்த நேரத்தில் காலியாகும், எந்தப் பெட்டியின் மூடி ஈரத்தில் வீங்கி உள்ளே இருப்பது நனைகிறது என்பதெல்லாம் எங்களில் யாரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பெட்டியைத் தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளி மாட்டச் சொன்னதும் அவர்தான். இந்த வேலைக்கு அவருக்கு நேரம் ஒதுக்குங்கள், அதற்கான சம்பளமும் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஆர்டர் போய்விட வேண்டும். பெட்டி இருக்கிறது என்று நம்பி ஒரு பிள்ளை கையில் எதுவும் இல்லாமல் வந்து திறந்து பார்க்கும்போது அது காலியாக இருந்தால், பெட்டியே இல்லாததைவிட அது மோசம்.

கழிவறை பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, விளக்கு, பை மாட்ட ஒரு கொக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடிபோட்ட குப்பைக்கூடை, இவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கூடை வெளியே பொதுவாக இருந்தால், பயன்படுத்தியதைக் கையில் மறைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்துவர வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு உள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். நாப்கினுக்குள் இருக்கிற உறிஞ்சும் பொருள் தண்ணீர் பட்டதும் ஊதிப்பெருத்துக் குழாயை அடைத்துவிடும். அப்புறம், "பெண்கள் கழிவறை எப்போதும் அடைப்பு" என்று அதையே பூட்டிவைப்பார்கள். ஒரு கூடை வைக்காததில் ஆரம்பித்துப் பூட்டில் வந்து முடிகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "இடைவேளைவரை பொறுத்துக்கொள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை. வகுப்பு கலைந்துவிடும் என்ற பயத்தில் சொன்னது. எழுந்து நின்று அனுமதி கேட்ட பிள்ளைகளில் யார் யார் என்ன காரணத்துக்காகக் கேட்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. கழிவறைக்குள் பெட்டி இருந்து, கழிவறைக்குப் போக விடவில்லை என்றால் பெட்டியால் என்ன பயன்? கேட்டால் அனுப்பிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைகளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திப் பேசினால், வெளியே இருக்கிறவர்களுக்கு அது கேலிக்கான விஷயமாகிவிடுகிறது. எங்கள் அறிவியல் டீச்சர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து இதயம், நுரையீரல் பற்றிச் சொல்வதுபோலவே இதையும் சொன்னார். முதல் பத்து நிமிடம் சிரிப்பு இருந்தது. அப்புறம் கேள்விகள் வந்தன. ஒரு பையன், "அன்னைக்கு விளையாட்டு வகுப்பு இருந்தா என்ன பண்ணுவாங்க டீச்சர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, நாங்கள் பெரியவர்கள் யாரும் கேட்டிராதது.

பெட்டி வந்து ஒரு வருடம் கழித்து என் மேசையைச் சுத்தம் செய்தபோது, இழுப்பறையில் இருந்த இரண்டு பாக்கெட்டில் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. என்னிடம் கேட்டு வந்தவர்கள் எல்லாம் வராமல் போயிருந்தார்கள். அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்குப் பள்ளியில் அதிகம் இல்லை. அந்தப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கீழ்த்தளப் பெட்டியில் போட்டேன்.

உங்களிடம் நான் கேட்பதற்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவையில்லை. இந்த வாரம் ஒருநாள், உங்கள் பொறுப்பில் இருக்கிற கழிவறைகளுக்கு உங்கள் பெண் ஊழியர்கள் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒரு பிள்ளைக்கு, ஒரு பயணிக்கு, ஒரு நோயாளிக்கு இப்போதே தேவைப்பட்டால் என்ன செய்வாள் என்று அவர்கள் நடந்து பார்க்கட்டும். எத்தனை கதவு, எத்தனை ஆள், எத்தனை கேள்வி என்று எண்ணி வந்து உங்களிடம் சொல்லட்டும். உங்கள் இடத்திலும் ஓர் அலமாரி இருந்தால் அதைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக் கழிவறைகளில் வையுங்கள். அதற்கு ஒரு நாள் போதும். அடுத்த பருவத்துக்குப் பள்ளி திறக்கும்போது எல்லாக் கழிவறையிலும் பெட்டி நிரம்பியிருக்கட்டும், கூடை இருக்கட்டும், தாழ்ப்பாள் விழட்டும். பெட்டி வைக்கிற அன்றே அந்தக் கையெழுத்து நோட்டையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர்